கேரளாக் காய்

1

ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘கடல் கடந்த நம்மவர்’. துபாயிலிருந்து ஒருவர் எழுதுகிறாராம், சிங்கப்பூரிலிருந்து ஒருவர் எழுதுகிறாராம், அப்புறம் திருவனந்தபுரத்திலிருந்து நான். நான் கடந்தது கரமனை ஆறு ஒன்றைத்தான். அதையும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கடந்தேன். என்னை எதற்கு இந்த வரிசையில் சேர்த்தீர்கள் என்று போனில் கேட்டதற்கு, மலர்க்குழுவில் இருப்பவர், “நீங்களும் ஒரு மாதிரி வெளிநாடுதானக்கா” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, எழுதுகிறேன். ஆனால் ஊரை நினைத்து உருகுவேன் என்று யாரும் கைக்குட்டையோடு உட்கார வேண்டாம். நான் எழுதப்போவது காய்கறி வாங்குவதைப் பற்றி. விலை கூடின கடையில் கையைக் கடிக்காமல் காய் வாங்குவது எப்படி என்பதைப் பற்றி. இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அதுதான்.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆலங்குளம் பக்கம் தோட்டக்காரர் வீட்டுப் பெண் நான். கல்யாணம் முடிந்து இங்கே வந்தேன். அவர் கிழக்கேகோட்டையில் ஒரு சைவ ஹோட்டலில் கல்லாவில் இருந்தார். இப்போது அவர் இல்லை. கரமனையில் அதே வாடகை வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். ஒரே மகள் கார்த்திகா கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்த்த அனூப்பைக் கட்டிக்கொண்டாள். மலையாளத்துப் பையன், தங்கமான குணம், குறை சொல்ல நாக்கு வராது. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. பெயர் இதள்.

அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். என் தம்பி பேச்சிமுத்துவும் முதலில் அப்படித்தான் நினைத்தான். “இதழ்னு நல்ல தமிழ்ப் பேர்லா வச்சிருக்க பாப்பா” என்று போனில் என் மகளிடம் சந்தோஷப்பட்டான். “இதழ் அல்ல மாமா, இதள்” என்று அவள் பொறுமையாகத் திருத்தினாள். மலையாளத்தில் பூவிதழுக்கு அப்படித்தான் பெயர். அர்த்தம் ஒன்று, எழுத்து வேறு. எனக்கு இரண்டும் வாயில் சரியாக நிற்கவில்லை. ‘குட்டி’ என்று கூப்பிட்டுவிடுகிறேன், அது இரண்டு பாஷைக்கும் பொது.

தினமும் காலையில் கரமனையிலிருந்து கிழக்கேகோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கழக்கூட்டத்துக்கு ஒரு பஸ். மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பியதும் குழந்தை என் கையில். சமையலும் நான்தான். காய்கறிக்கென்று மாதம் பிறந்ததும் மகள் ஒரு தொகை அனுப்பிவிடுவாள். ஆனால் காயை எங்கே வாங்க வேண்டும் என்பதில் மட்டும் அவளுக்கு ஒரே பிடிவாதம். வயிற்றில் குழந்தை தங்கியதிலிருந்து அந்த ஒரு கடை, அதைத் தவிர வேறு கிடையாது.

கழக்கூட்டம் போகும் வழியில் இருக்கிறது அந்தக் கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, மூங்கில் கூடைகள், மெல்லிசாக வீணைச் சத்தம். கீரைக்கட்டு வாங்கப் போனவளுக்கு டாக்டரைப் பார்க்க வந்ததுபோல் இருக்கும். வாசலில் மலையாளத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள்: ‘அதிர்த்தி கடந்ந பச்சக்கறி இவிடெ வில்க்குந்நில்ல.’ எல்லை தாண்டி வந்த காய்கறி இங்கே விற்பதில்லை என்று அர்த்தம். எந்த எல்லை என்று எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. எல்லை தாண்டி வந்த நான் வாரத்துக்கு இரண்டு தடவை அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே போகிறேன்.

3

அவள் அனுப்பும் பணம் அந்தக் கடை விலைக்கு மாதக் கடைசிவரை நிற்காது. இன்னும் கொடு என்று மகளிடம் கேட்க எனக்கு வாய் வராது. அதனால் தந்திரம் படித்தேன். உங்கள் பிள்ளைகளும் இதுபோன்ற ஊர்களில் இதுபோன்ற கடைகளுக்குப் போகிறவர்கள்தான், தெரிந்துகொள்ளட்டும்.

சனி ஞாயிறில் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. கார் வைத்திருப்பவர்கள் வரும் நாள் அது, விலையும் அவர்களைப் பார்த்துத்தான் நிற்கும். வியாழக்கிழமை காலையில் புதுச் சரக்கு இறங்குகிறது. ஆகவே புதன்கிழமை சாயங்காலம் போக வேண்டும். மிச்சமிருப்பதையெல்லாம் கல்லா பக்கத்தில் ஒரு கூடையில் கொட்டி பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். கொஞ்சம் வாடியிருக்கும், அவ்வளவுதான். தண்ணீரில் போட்டால் நிமிர்ந்துகொள்ளும்.

சக்கரம் வைத்த கூடையைத் தொடவே தொடாதீர்கள். கையில் தூக்கும் கூடைதான் நல்லது. கை வலிக்க ஆரம்பித்ததும் வாங்குவதை நிறுத்திவிடுவோம். பருப்பு, உப்பு, மிளகாய் எதையும் அங்கே வாங்கக் கூடாது. கிழக்கேகோட்டை பக்கத்துச் சாலைக் கடைத்தெருவில் வாங்கி மகள் வீட்டுக் கண்ணாடி ஜாடியில் கொட்டி வைத்துவிட்டால் பருப்புக்கு எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. பச்சை இலைப் படம் போட்ட காகிதப் பையில் காயைக் கொடுப்பார்கள். அந்தப் பையைக் கசங்காமல் திருப்பிக் கொடுத்தால் பில்லில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள். நான் கரமனை வீட்டில் பாய்க்கு அடியில் போட்டு இஸ்திரி போட்டதுபோல் அடுக்கி வைத்திருக்கிறேன்.

சேனைக்கிழங்கை மண்ணோடு நிறுப்பார்கள். மண்ணுக்கும் கிழங்கின் விலைதான். ஆகவே தராசுக்குப் போகும் முன்னால் ஓரமாக நின்று தட்டிவிட வேண்டும். ஒரு நாள் நான் தட்டிக்கொண்டிருந்ததை அங்கே வேலை பார்க்கும் பெண் பார்த்துவிட்டாள். “சேச்சீ, மண்ணு களயல்லே. அதல்லே ஒறிஜினல்” என்றாள். மண்ணைத் தட்டாதீர்கள் அக்கா, அதுதான் அசல் என்பதற்கு அத்தாட்சி என்கிறாள். மண்ணைக் காசு கொடுத்து வாங்கு என்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவளே இன்னொரு நாள் என் கூடையிலிருந்த நல்ல கத்தரிக்காயை எடுத்துவிட்டு, ஓட்டை விழுந்த கத்தரிக்காயைப் பொறுக்கிப் போட்டாள். “புழு உண்டெங்கில் விஷமில்லா சேச்சி.” புழு இருந்தால் விஷம் இல்லை. அன்பாகத்தான் செய்தாள். நான் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் நின்றேன் என்பதற்குப் பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும்.

4

எங்கள் வீட்டில் காய் பறித்து வந்தால் மூன்று குவியல் போடுவோம். பொட்டில்லாத, பளபளவென்ற காய் முதல் குவியல். அதற்கு ‘கேரளாக் காய்’ என்றே பெயர். லாரியில் ஏறி மலை தாண்டிப் போவது. கொஞ்சம் வளைந்தது, நிறம் மங்கினது இரண்டாவது குவியல். அது உள்ளூர்ச் சந்தைக்கும் வீட்டுக்கும். சொத்தை விழுந்தது மூன்றாவது. அது மாட்டுக்கு.

நான் பாவாடை கட்டின வயதில் முதல் குவியலிலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்துக் குழம்பில் போடச் சொல்லி அழுதிருக்கிறேன். “அது கேரளாக்காரன் திங்கியதுட்டி” என்று அம்மா பிடுங்கிப் போட்டுவிட்டாள். கேரளாவில் மாப்பிள்ளை என்று பேச்சு வந்தபோது எல்லாரும் பாஷை தெரியாதே, தூரமாயிற்றே என்று கவலைப்பட்டார்கள். எனக்குள் முதலில் வந்த நினைப்பு, இனி முதல் குவியல் நமக்குத்தான் என்பது. வெட்கமாக இருந்தாலும் உண்மையை எழுதுகிறேன்.

இப்போது புரிந்திருக்கும். உள்ளூரில் இரண்டாவது குவியலைத் தின்று வளர்ந்தவள், கேரளாவுக்கே வாழ்க்கைப்பட்டு வந்து, ஏசிக் கடையில் நின்று, யானை விலை கொடுத்து மாட்டுக் குவியலை வாங்குகிறேன்.

5

இங்கே காய்கறிக்கு ஜாதி இரண்டு. இந்த மண்ணில் விளைந்தால் ‘நாடன்’. வெளியிலிருந்து வந்தால் ‘வரவு’. வரவு வாழைப்பழம், வரவு முட்டை, வரவு கத்தரிக்காய். நமக்கு வரவு என்றால் நல்ல வார்த்தை. வீட்டுக்கு வருமானம் வந்தால் வரவு, விருந்தாளி வந்தால் நல்வரவு. இங்கே அதே வார்த்தையைச் சொல்லும்போது மூக்கு கொஞ்சம் சுருங்கும். பாண்டி என்றால் நம் பக்கம் பக்கத்து வீட்டுப் பையனின் பெயர். இங்கே தமிழர்களுக்கெல்லாம் அதுதான் பெயர், எந்தத் தொனியில் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கார்த்திகா கல்லூரியில் சேர்ந்தபோது வில்லேஜ் ஆபீஸில் ‘நேட்டிவிட்டி’ என்று ஒரு சான்றிதழ் கேட்டார்கள். இந்த மாநிலத்துப் பிள்ளைதான் என்று எழுதிக் கொடுப்பது. அதற்கு எத்தனை நடை! ஒரு நாள் பிறப்புச் சான்றிதழில் என் பெயரின் எழுத்து சரியில்லை என்றார்கள், இன்னொரு நாள் ரேஷன் அட்டையின் பழைய பக்கம் வேண்டும் என்றார்கள். கடைசியில் அதிகாரி என்னைப் பார்த்து, “அம்மயுடெ நாடு எவிடெயா?” என்று கேட்டார். அம்மாவின் ஊர் எது என்று. கரமனை என்றேன். “அதல்ல” என்றார். ஆலங்குளம் என்றேன். “ம்ம்” என்று ஒரு ம்ம் போட்டார். அதில் கோபம் இல்லை, கெட்ட எண்ணம் இல்லை, ஒன்றுமே இல்லை. காயைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடையில் வைப்பதுபோல் இருந்தது.

மகளுக்குச் சான்றிதழ் கிடைத்தது, ஏனென்றால் அவள் இங்கே பிறந்தவள். ஒரே வீட்டில் மகள் நாடன், அம்மா வரவு. அன்றைக்கு அதைச் சொல்லி நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அவர் இருந்தார் அப்போது.

6

குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் நாள் குறித்தார்கள். எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. முதல் சோற்றில் பிசையும் காய் மாமன் வீட்டுக் காயாக இருக்க வேண்டும், மாமன் மடியில் வைத்துத்தான் ஊட்ட வேண்டும். எனக்கு மகன் இல்லாததால் இதளுக்குத் தாய்மாமன் கிடையாது. அந்த முறையைச் செய்ய வேண்டியவன் என் தம்பிதான். கார்த்திகாவுக்கும் அவன்தான் மடியில் வைத்து ஊட்டினான். அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று கேட்ட அன்றைக்கே குழந்தைக்கென்று இரண்டு பாத்தியைத் தனியாக ஒதுக்கி, அதில் மருந்து அடிக்காமல் வளர்த்தான்.

மருந்து என்று நான் எழுதுவதையும் கவனியுங்கள். பூச்சிக்கு அடிக்கும் அதே டப்பா நம் பக்கம் மருந்து, மலைக்கு இந்தப் பக்கம் விஷம்.

சடங்குக்கு முந்தின நாள் மத்தியானம் பேச்சிமுத்து கரமனைக்கு வந்து இறங்கினான். தலையில் ஒரு சாக்கு. பிரித்தான். மஞ்சள் பூசணி, கத்தரி, வெண்டை, சேனை. எல்லாம் முதல் குவியல். ஒரு பொட்டு இல்லை, ஒரு வளைசல் இல்லை. சேனையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தான்.

“கம்ப்யூட்டர் வீடுல்லா எக்கா, மண்ணோட கொண்டு போனா நல்லாவா இருக்கும்?” என்றான்.

அந்த நேரம் பார்த்துக் கார்த்திகா போன் பண்ணினாள். குழந்தையின் சத்தத்தைத் தம்பியும் கேட்கட்டும் என்று நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“அம்மா, மாமா வந்தாச்சோ?”

“வந்துட்டான். குட்டிக்கு ஒரு சாக்கு காய் கொண்டாந்திருக்கான். நாளைக்கு அதைத்தான் பிசையணும்.”

“அய்யோ, அது வேண்டாம்மா. அனூப்போட அம்மையெல்லாம் வருது. ஃபர்ஸ்ட் சோறே வரவு பச்சக்கறி வச்சுக் கொடுத்தா அவங்க என்ன விசாரிப்பாங்க?”

என் மகள் பேசும் தமிழில் இந்த விசாரிப்பு மலையாளம். என்ன நினைப்பார்கள் என்று கேட்கிறாள். என் தம்பிக்கு அது எங்கே தெரியும்? அவன் போன் பக்கம் குனிந்து, “விசாரிச்சா என்னையக் கைகாட்டு பாப்பா, நான் பதில் சொல்லுதேன். மருந்தே அடிக்காத காயி” என்றான்.

“ஸ்பீக்கர்லயா அம்மா?” என்று மெதுவாகக் கேட்டாள். அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு, “மாமா, மத்த வயல்ல அடிக்குமில்லே?” என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம் அவன். அந்த வித்தை அவனுக்கு வராது.

“அதுக்கு அடிக்கத்தான பாப்பா செய்யணும். ஒரு சொத்தை கண்ணுல பட்டா உங்க ஊருக்கு லோடு ஏத்துதவன் எடுக்க மாட்டாம்லா.”

“அப்போ காத்துல இதிலயும் வரும் மாமா. குட்டிக்கு ஆறு மாசமே ஆயிட்டுள்ளூ. மாமா ஃபீல் பண்ணண்டா, கேட்டோ? மாமா மடியிலதான் ஊட்டணும், அதில மாற்றமே இல்லை. காய் மட்டும் அம்மா நாளைக்கு வரும்போ கடையில இருந்து வாங்கிட்டு வரட்டும்.”

“சரி பாப்பா, சரி பாப்பா” என்றான் தம்பி. போனை வைத்ததும் சாக்கின் வாயைச் சுருட்டி மூடினான். திரும்பத் திறந்து ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தான். படக்கென்று ஒடிந்தது.

“நம்ம பிள்ளைதான எக்கா, பயப்படுது” என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் மேல், அந்தக் கடை மேல், அந்தப் பலகை மேல், பளபளப்புக் கேட்டு மருந்து அடிக்கவும் வைத்துவிட்டு அப்புறம் விஷம் என்று முகம் சுளிக்கிற இந்த ஊர் மேல். பொட்டு விழுந்தால் வேண்டாம் என்கிறவர்களும் இவர்கள்தான், பொட்டு இல்லாவிட்டால் பயப்படுகிறவர்களும் இவர்கள்தான். நடுவில் என் தம்பி சாக்கைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் போவான்? மாமன் காய் இல்லாமல் அந்தக் குழந்தை முதல் சோறு தின்னக் கூடாது என்று எனக்குள் ஒரு வெறி வந்துவிட்டது.

பாயைத் தூக்கினேன். அடியில் அத்தனை பைகள்.

7

“அந்தச் சாக்கைக் கொட்டு” என்றேன். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பச்சை இலைப் படம் போட்ட பையை விரித்துக் காட்டியதும் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சின்ன வயதில் மாங்காய் திருடப் போகும்போது இப்படித்தான் சிரிப்பான்.

ஆனால் பையில் போட்டுப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்தக் கடைக் காய் இவ்வளவு அழகாக இருக்காதே.

“பேச்சி, இதுல ஓட்டை விழுந்தது ஏதாவது இருக்கா பாரு.”

“ஓட்டைக்கு நான் எங்கக்கா போவேன்? பொறுக்கிப் பொறுக்கில்லா கொண்டாந்தேன்.”

“ஒண்ணுகூடவா இல்ல?”

“மருந்தடிக்காத பாத்தி, பாதிக்குப் பாதி சொத்தைதான். அதெல்லாம் மாட்டுக்குப் போட்டாச்சி. பிள்ளைக்கி எப்படிக்கா சொத்தையக் கொண்டாருவேன்?”

இதை என்னவென்று சொல்வது? என் மகள் கேட்ட அத்தாட்சி முழுவதையும் ஆலங்குளத்தில் மாடு தின்றுவிட்டது. பிரிட்ஜைத் திறந்தேன். புதன்கிழமை பாதி விலைக்கு வாங்கின கடைக் கத்தரி இரண்டு கிடந்தது, இரண்டிலும் அருமையான ஓட்டை. அவற்றைப் பைக்கு மேலாக, கண்ணில் படுகிறமாதிரி வைத்தேன். வெண்டையில் வளைந்தது இருக்கிறதா என்று தேடினோம். கிடைக்காததால் நான் நாலைந்தின் காம்பை நகத்தால் கீறிவிட்டேன். பூசணியைத் தரையில் ஒரு புரட்டுப் புரட்டினேன்.

சேனைதான் பாக்கி. கறிவேப்பிலைத் தொட்டியிலிருந்து மண் எடுத்துத் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொடுத்தேன். தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்து, தான் கழுவிக் கொண்டுவந்த கிழங்குக்குத் தானே மண் பூசினான். ஆரம்பத்தில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். என் முகத்தில் மண் பட்டிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தான். கடைசிக் கிழங்குக்குப் பூசும்போது அவன் தலை நிமிரவே இல்லை. அதைக் காய வைக்க வெயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, குழாயடியில் ரொம்ப நேரம் கை கழுவினான்.

காசு மிச்சம் பிடிக்க வழி கேட்டவர்களுக்கு இதையும் எழுதி வைக்கிறேன். அந்தக் கடையில் நான் பிடித்த மிச்சங்களிலேயே பெரியது அன்றைக்குத்தான். பை அவர்களுடையது, காய் நம்முடையது, பில்லே கிடையாது.

8

மறுநாள் காலையில் பைகளை வாங்கிப் பார்த்ததும் கார்த்திகாவின் முகம் மலர்ந்தது. ஓட்டைக் கத்தரிக்காயை எடுத்து அனூப்பின் அம்மாவிடம் காட்டினாள். அந்த அம்மாவும் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துவிட்டு, “இது நல்ல நாடனாணல்லோ. எவிடுந்நா?” என்று கேட்டார். கடையின் பெயரைச் சொன்னேன். “அது ஞான் கண்டப்பழே விசாரிச்சு” என்றார். பார்த்ததுமே அப்படித்தான் நினைத்தாராம். என் தம்பி சுவரோரம் நின்று, யார் எதைப் பற்றிப் பேசினாலும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

குத்துவிளக்கு ஏற்றி, இலை போட்டு, தம்பி மடியில் குழந்தையை வைத்தார்கள். புது வேட்டி சட்டையில் அவன் யார் வீட்டு மாப்பிள்ளையோபோல் விறைத்து உட்கார்ந்திருந்தான். சோற்றோடு பூசணியை மசித்துக் கொடுத்தேன். மோதிர விரலால் ஒரு துளி எடுத்து வாயில் வைத்தான். குழந்தை முகத்தைச் சுருக்கி, நாக்கால் தள்ளி, அப்புறம் சப்புக்கொட்டி இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் தம்பி குனிந்து குழந்தையின் காதில், “ஒம் மாமன் காயிட்டி” என்றான். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது. எனக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் கண்ணீராகப் போய்விட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று அனூப்பின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை நான் சந்தோஷமாகவே எழுதியிருப்பேன்.

தம்பி கிளம்பும்போது கார்த்திகா சமையலறைக்குள் போனாள். மிச்சமிருந்த கத்தரி, வெண்டை, மண்ணோடு ஒரு சேனை எல்லாவற்றையும் இரண்டு பையில் போட்டு வந்து அவன் கையில் கொடுத்தாள்.

“மாமா, இது அத்தைக்கு. அங்க இதுபோல விஷமில்லாதது கிட்டாதல்லோ. ஒரு தடவையாவது நல்ல காய் சாப்பிடட்டும், கேட்டோ?”

நான் வாயைத் திறந்தேன். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான், மூடிக்கொண்டேன். இரண்டு கையாலும் பைகளை வாங்கி, “வாரேன் பாப்பா” என்றான். அவள் குனிந்து அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லாம் உண்மையான பாசம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் பைகளை வைத்துக்கொண்டான். வழியில் எங்கேயாவது போட்டுவிடு என்றேன்.

“காயையா? எப்படிக்கா போடுவேன்?” என்றான். வண்டி கிளம்பிவிட்டது.

9

இரண்டு நாள் கழித்துத் தம்பி மனைவி பார்வதி போன் பண்ணினாள். குழந்தையைப் பற்றி, அனூப்பின் வீட்டாரைப் பற்றி, போட்ட நகையைப் பற்றியெல்லாம் விசாரித்தாள். நம் விசாரிப்பு. அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள்.

“மைனி, பாப்பா குடுத்துவிட்ட காயை நேத்து வச்சேன். என்னா ருசிங்கிய! கத்திரிக்கா வெண்ணெய் மாதிரி வெந்துட்டு. சேனையில மண்ணு வாசம்கூட ஒரு மாதிரி நல்லாயிருக்கு. உங்க ஊரு மண்ணு அப்படி.”

என் கறிவேப்பிலைத் தொட்டி மண் அது.

“இங்கயும்தான் இவுக ரெண்டு பாத்தி போட்டாவ. பிள்ளைக்கி பிள்ளைக்கின்னு வீட்டுல ஒரு காயைத் தொடவுடல. இருந்தாலும் இந்த ருசி வந்திருக்குமா? கேரளாக் காய்னா கேரளாக் காய்தான் மைனி.”

“தம்பி ஒண்ணும் சொல்லலயா?” என்று கேட்டேன்.

“அவுக என்ன சொல்லுவாவ? ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாவ. ஆமா, உங்க ஊர்க் காய் நல்ல காய்தான்னாவ.”

உங்க ஊர். பார்வதி என் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்தவள். நான் பிறந்த வீட்டுத் தோட்டத்தில், என் அப்பா வெட்டின கிணற்றுத் தண்ணீரில் விளைந்த காயை எடுத்து வைத்துக்கொண்டு, உங்க ஊர் என்கிறாள். அவளைத் திருத்துவதென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது? தம்பி சொல்லாததை நான் எப்படிச் சொல்வது?

“அடுத்த தடவை யாராவது வந்தா இன்னும் ரெண்டு பை குடுத்துவிடுங்க மைனி. அந்த ஓட்டை விழுந்தது இருக்குல்லா, அதுதான் நல்ல காயாம், பாப்பா சொல்லிவிட்டிருக்கா. அதாப் பாத்து வாங்குங்க.”

சரி என்றேன். புதன்கிழமை சாயங்காலம் போனால் பாதி விலைக்குக் கிடைக்கும்.